கடைசியாக நன்றாக இருந்த நேரம்

...ஆக, சமையலறை விளக்கு எரிந்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை, கைப்பேசி அப்படித்தான் சொல்கிறது, கெட்டிலில் தண்ணீர் சூடாகியிருக்கிறது, வானொலி பாடியிருக்கிறது, குளியலறை விளக்கு எரிந்து அணைந்திருக்கிறது, ஆனால் இதையெல்லாம் போட்டது அப்பாவா, இல்லை தான் எழுதி வைத்த புரோகிராமா... ஆஸ்பத்திரி வராந்தாவின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து அவன் திரையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அக்கா. இரண்டு தெரு தள்ளியிருப்பவள், காலையில் எப்போதும்போல எட்டிப்பார்க்கப் போய், சமையலறை வாசலில் கிடந்த அப்பாவைப் பார்த்து, ஆம்புலன்ஸை வரவழைத்து இங்கே கொண்டுவந்து சேர்த்தவள். வாய் ஓயாமல் பேசுகிறவள், அவன் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே ஒரு கதவு, அதற்குப் பின்னால் அப்பா, வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை அசையாமல். டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நிமிடம் இருக்குமா, சின்ன வயதுப் பெண், அவசரமில்லாமல் பேசினாள், மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு, கரைக்கிறதுக்கு ஊசி இருக்கு, ஆனா ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், தாண்டிப் போட்டா மூளைக்குள்ளயே ரத்தம் கசிஞ்சிடலாம், ஊசியே ஆளைக் கொன்னுடும், அதனால எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும், கடைசியா எப்ப நல்லா இருந்தாரு, யாராவது பார்த்த நேரம், இல்ல பேசின நேரம். சுலபமான கேள்வி. வீடு முழுக்கக் கருவிகளை மாட்டி வைத்திருப்பவனிடம் தாராளமாகக் கேட்கலாம்.

போன மாதம் அக்கா குடும்பத்தோடு எல்லோரும் மலைக்குப் போனபோது, வீடு பூட்டிக் கிடப்பது வெளியே தெரியக்கூடாது என்று அவன் ஓர் ஏற்பாடு செய்தான். கண்ட நேரத்தில் விளக்கைப் போட்டு அணைப்பதெல்லாம் கற்றுக்குட்டி வேலை, அவன் செய்தது அப்படியல்ல, அப்பா எந்தப் பொழுதில் எதைத் தொடுகிறார் என்று மாதக்கணக்கில் கவனிக்க வைத்து, அதையே திரும்பச் செய்ய வைத்தான், ஒரு நாள் சற்று முன்னே, ஒரு நாள் சற்றுப் பின்னே, குளியலறைக்குள் போனால் லேசில் வெளியே வராத அவருடைய பழக்கம் உட்பட. அலுவலகத்தில் எல்லோரிடமும் காட்டிப் பீற்றிக்கொண்டான். திரும்பி வந்ததும் அதை நிறுத்தியிருக்க வேண்டும். மறந்துவிட்டான் என்றுகூடச் சொல்ல முடியாது, அப்பாதான் ஞாபகப்படுத்தினாரே, நான் சுவிட்ச்ல கை வைக்கிறதுக்குள்ள லைட் எரியுதுடா, நான் இருக்கேனா போயிட்டேனான்னே உன் மெஷினுக்குத் தெரியல போல என்று. வசதிதானேப்பா, விடுங்க என்று இவன் சிரித்தான், அவரும் சிரித்தார், சிரித்துவிட்டு மேசைமேல் இருந்த குரல்பெட்டியைப் பார்த்து ரொம்ப நன்றிம்மா என்றார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் மருமகள். இவனுக்குக் கல்யாணம் கூடிவருகிற வழியைக் காணோம், அதனால் கேட்டதும் வானிலை சொல்லும் அதுவே மருமகள், சமைக்கமாட்டா, ஆனா எதிர்த்தும் பேசமாட்டா என்பார். இப்போது பார்த்தால், அப்பாவின் கை போட்ட விளக்கும் தானாக எரிந்த விளக்கும் ஒரே மாதிரிதான் பதிவாகியிருக்கின்றன, எது யார் செய்தது என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை, எப்படித் தோன்றும்... யாருக்குத்தான் தோன்றும்?

நடையில் ஒரு சென்சார் இருந்தது, அது பொய் சொல்லாது, ஆள் கடந்தால்தான் பதியும். அது நேற்று ராத்திரியோடு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதும் அவனுக்குத் தெரியும், கேமராவின் ரிமோட்டில் பேட்டரி தீர்ந்திருந்தது, சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி, அதே அளவுதான் சென்சாருக்கும், கடைகள் மூடிவிட்டன, ஒரு நாள்தானே என்று கழற்றிப் போட்டுக்கொண்டான். அந்த ரிமோட் இப்போதும் பேண்ட் பாக்கெட்டில் தொடையை உறுத்திக்கொண்டிருக்கிறது. சரி, விழுந்தால் தானே ஆளைக் கூப்பிடும் கைக்கடிகாரம்? ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்தது, அது கட்டில் பக்கத்தில் சார்ஜரில் கிடக்கிறது, மூச்சை இழுத்து விடுன்னு எனக்கே சொல்லுதுடா, இத்தனை வருஷமா நான் என்ன பண்ணிட்டிருக்கேன் என்று அப்பா அதைக் கட்டுவதே இல்லை. கட்டாயப்படுத்தியிருக்கலாம். படத்துக்கு ஒளி சரியில்லை என்று ஒரே மரத்தை மூன்று நாள் போய்ப் போய் எடுத்தவனுக்கு, அப்பா மணிக்கட்டில் ஒரு வாரைக் கட்டிவிடப் பொறுமை இல்லாமல் போனதே...

இன்று விடிகாலை நாலு மணிக்கெல்லாம் ஏரியில் சூரியோதயம் எடுக்கக் கிளம்பிவிட்டான். அப்பாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது, எட்டிப் பார்க்கவில்லை, கேமராப் பையும் முக்காலியும் கதவில் இடித்துச் சத்தம் வரக்கூடாது என்பதில்தான் கவனம். ஆக, கண்ணால் பார்த்த நேரம் என்றால் நேற்று ராத்திரிச் சாப்பாடு, அதைச் சொன்னால் டாக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள், ஊசி கிடையாது, இப்படியே கொண்டுபோய்ப் படுக்க வையுங்கள், பேச்சு வந்தால் வரும். வழியில் பெட்ரோல் போட நின்றபோது கைப்பேசியைப் பார்த்தான், சமையலறை விளக்கு எரிகிறது, கெட்டில் சூடாகிறது, அப்பா எழுந்துவிட்டார் என்று மனசு லேசானது, அந்த லேசான மனசோடுதான் ஏரிக்குப் போனான், பாட்டுப் போட்டுக்கொண்டு போனான். ஆறேகாலுக்குச் சூரியனின் விளிம்பு தண்ணீருக்கு மேல் வந்தது, அந்த நிமிடத்தில்தான் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது, எடுத்துப் பார்த்தான், அப்பா, வீடியோ அழைப்பு. அவர் கூப்பிட்டால் என்னவாக இருக்கும், டிவில ஏதோ அப்டேட்டுன்னு கேக்குது, சரின்னு குடுக்கவா வேண்டாமா, இதுதான், எப்போதும் இதுதான், முகத்துக்குப் பதிலாகக் காதைக் காட்டிக்கொண்டு பேசுவார். துண்டித்தான். முக்கியமான வேலையில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று ஒரு பதில் தானாகவே போயிற்று, அவன் அமைத்து வைத்த பதில்தான், அலுவலகத்துக்காக அமைத்தது, அப்பாவுக்கும் அதுவே போயிற்று. பிறகு வரிசையாக நாற்பது படம். படம் நன்றாக வந்திருக்கிறது என்பதுதான் கொடுமை, இதுவரை எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம்.

அந்தப் பதிலுக்குப் பக்கத்தில் இரண்டு நீலக் குறிகள் இருக்கின்றன. அப்பா படித்திருக்கிறார். படித்திருக்கிறார் என்றால் கண் தெரிந்திருக்கிறது, புத்தி வேலை செய்திருக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மூக்குமேல் தள்ளிவிட்டு, ஆமா பெரிய கலெக்டர் வேலை என்று முணுமுணுத்திருக்கிறார், அதற்கப்புறம்தான் ஏதோ ஆகியிருக்கிறது... அப்படித்தானே? அப்படித்தான் என்று சொல்ல அவனுக்கு ஆசை. ஆனால் அப்பா அழைக்கும் விதம் அவனுக்குத் தெரியும், எண்ணெல்லாம் தேடமாட்டார், அவனோடு பேசும் பக்கத்தைத் திறந்து அவன் முகத்தைத் தொடுவார், அழைப்பு முடிந்தால் திரை அதே பக்கத்துக்குத்தான் திரும்பும், அந்தப் பக்கம் திறந்திருந்தாலே போதும், ஒருவரும் படிக்காமலே குறி நீலமாகிவிடும், கை விழுந்து கிடந்தாலும் ஆகும், தரையைப் பார்த்துக் கிடந்தாலும் ஆகும். இதெல்லாம் தெரியாதவனாக இருந்திருந்தால் அந்த நீலத்தை நம்பியிருக்கலாம். தெரிந்து என்ன கண்டோம்? விளக்கையும் கெட்டிலையும் தள்ளிவிட்டால் மிச்சம் அந்த அழைப்பு ஒன்றுதான். டிவிக்காகக் கூப்பிட்டிருந்தால் ஆறேகாலுக்கு அப்பா நன்றாக இருந்தார், ஊசிக்கு நேரம் இருக்கிறது. என்னைத் தூக்கிவிடுடா என்று கூப்பிட்டிருந்தால், விழுந்தது எப்போது, ஆறு மணிக்கா, ஐந்துக்கா, அவன் வாசல் கதவைச் சாத்திய சத்தத்திலா...

கதவு திறந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றாமலே நின்றாள், ஏதாவது தெரிஞ்சுதா என்றாள். அவன் எழுந்தான். ஆறேகால் என்றது அவன் வாய். ஆறேகாலுக்கு என்கிட்ட பேசினாரு. வீடியோலயா? ஆமா. பேச்சுக் குழறல், வாய் கோணல், எதுவும் பாத்தீங்களா? இல்ல, நல்லாத்தான் பேசினாரு. இவ்வளவு சரளமாகத் தனக்குப் பொய் வரும் என்று அவனுக்கே தெரியாது, அந்தக் காதையும் அதில் நரைத்த முடியையும் நிஜமாகவே பார்த்ததுபோல் இருந்தது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பத்தாகப் போகிறது, மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது, நேரம் இருக்கு, மருந்தைக் கலக்கச் சொல்றேன், இன்னும் கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சிடலாம் என்று உள்ளே போனாள். இது பொய்யில்லை, பாதிக்குப் பாதி நிஜம், கூப்பிட்டது நிஜம், நேரம் நிஜம், பேசியது மட்டும்தான்... சும்மா விட்டால் அப்பா கட்டையாய்க் கிடப்பது நிச்சயம், இதில் ஒரு வாய்ப்பாவது இருக்கிறது, மகன் என்று ஒருத்தன் வேறு எதற்கு? ஒன்று தப்பாகப் போனால் முந்தின நிலைக்குத் திரும்பலாம் என்றே இத்தனை வருடம் வாழ்ந்தவன், எதை அழித்தாலும் வேறோர் இடத்தில் நகல் வைத்திருப்பவன். நாற்காலியில் விழுவதுபோல் உட்கார்ந்தான்.

அக்கா அழுதுகொண்டிருந்தாள். முந்தானையை வாயில் பொத்தி, காலையிலிருந்து அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அழுதாள், பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்லவேளைடா, உன்கிட்டயாவது பேசினாரே, நான் செத்தே போயிருப்பேன் என்றாள். ஏன்க்கா? நீ வர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல, சொல்ல வாய் வரல, எனக்கும் கூப்பிட்டிருக்காருடா, நாலே முக்காலுக்கு, மூணு தடவை, நீதானே ராத்திரில போன் சத்தம் வராம செஞ்சு குடுத்த, ஆம்புலன்ஸ்ல வரும்போதுதான் பாத்தேன், அப்பவே விழுந்து கிடந்தாரோ, நான் பாட்டுக்குத் தூங்கிட்டேனோன்னு... இப்பதான் உயிர் வந்துச்சு, ஆறேகாலுக்கு நல்லா பேசினாருன்னா அது சும்மா கூப்பிட்டதுதான், இல்லடா? அவள் முகத்தைப் பார்த்தான். மூக்கு சிவந்து, கண் வீங்கி, அந்த முகம் சிரிக்கப் பார்த்தது. அப்பா விடியும் முன்னால் அக்காவைச் சும்மா கூப்பிடுகிறவர் இல்லை, டிவியும் அப்டேட்டும் அவளிடம் கேட்கிறவரும் இல்லை. இவன் வேலையைக் கெடுக்க வேண்டாம் என்று முதலில் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். ஆமாக்கா என்றான். கதவுக்குப் பின்னால் கண்ணாடிக் குப்பியை எதன்மேலோ வைக்கும் சத்தம், தள்ளுவண்டிச் சக்கரம் உருளும் சத்தம், யாரோ அளவைச் சொல்ல இன்னொருவர் திரும்பச் சொல்கிறார். அப்பாவுக்கு எப்போது நடந்தது என்று இனிமேல் தெரியாது என்று சொல்ல முடியாது, தெரிந்துவிட்டது, நாலரை மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது, ஆறேழு அடி வைத்தால் கதவு, ஒரு வார்த்தை சொன்னால் போதும், டாக்டர் தப்பாச் சொல்லிட்டேன், நிறுத்துங்க, அவ்வளவுதான், எழுந்திரு, எழுந்திருடா... எழுந்துவிட்டதாகத்தான் நினைத்தான். கதவு அதே தூரத்தில் இருந்தது, அக்காவின் கை அவன் கைமேல் சூடாக இருந்தது.