கண்டறிந்தவர் பெயர்

நர்ஸ் கோட்டு ஒன்றை உதறி, தம்பியின் மூக்குக்கு நேராகப் பிடித்தாள் அக்கா.

"மோந்து பாருடா."

தம்பி மோந்தார். கழுத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, எந்த முடிவுக்கும் வந்துவிடாதபடி, அலுவலக முறைப்படி மோந்தார்.

"ஏதோ லேசா வருது."

"ஏதோன்னா? அதுக்குப் பேரு இல்லையா? கிளினிக்குலேருந்து மூட்டையோட திருப்பி அனுப்பிட்டாங்க. ஊசி போடக் கிட்டப் போனா, 'சிஸ்டர், வர்ற வழியில வண்டிக்குப் பெட்ரோல் போட்டீங்களா'ன்னு கேக்குறானாம் ஒருத்தன்."

சிரிப்பு வந்தது அவருக்கு. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு மடக்குக் குடித்து, சிரிப்பை உள்ளே தள்ளினார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த பாட்டில் கூடவே வரும். தொண்டை சரியில்லை, காய்ச்சி ஆறிய தண்ணீர்தான் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார். அந்த டாக்டர் யார் என்று அக்கா கேட்டதில்லை.

அக்காவுக்கு இருந்தது ஒரு கிணறு, துவைக்க இரண்டு சிமெண்டுத் தொட்டி, வீட்டுக்குப் பின்னால் நீளநீளமாய்க் கொடிகள். புருஷன் போன பிறகு அவளைத் தூக்கி நிறுத்தியது இந்தச் சலவைதான். தெருமுனையில் பெட்ரோல் பங்க். அதன் அடியில் புதைத்திருந்த தொட்டி எப்போதோ துருப்பிடித்து, உள்ளே இருந்தது மெல்ல வெளியே நடந்து வந்துவிட்டது. பங்க்கிலிருந்து தெரு சரிவு. கிணறு சரிவின் அடியில். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. புரிந்துகொள்ளாமல் இருக்கத்தான் ஓர் அலுவலகமே தேவைப்பட்டது.

அந்த மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில், அறிக்கைப் பிரிவில், தம்பி கண்காணிப்பாளர். முதுகுக்குப் பின்னால் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். வாக்கியத்தின் கடைசியில் புள்ளி இல்லையென்றால், எண்பது பக்க அறிக்கையானாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அது கேலிப் பெயர் என்று அவருக்குத் தெரியும், உள்ளூரப் பெருமைதான். நிலத்தடித் தொட்டி கசிந்தால் எழுத வேண்டியவை அவருக்கு மனப்பாடம். கசிவு தெரிந்த ஒரு நாளைக்குள் முதல் அறிக்கை. அப்புறம் உடனடி நடவடிக்கை அறிக்கை, இடத்தின் தன்மை பற்றிய அறிக்கை, சீரமைப்புத் திட்டம், மூன்று மாதத்துக்கு ஒரு முன்னேற்ற அறிக்கை, எல்லாம் முடிந்ததும் நிறைவு அறிக்கை. கல்யாண வீட்டுக்காரர் பந்தி வரிசையைச் சொல்வதுபோல் சொல்வார். ஒவ்வொன்றிலும் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது வேறு பிரிவு. அந்தப் பிரிவுக்கு ஆள் போடச் சொல்லிக் கடிதம் எழுதி வெகு காலமாகிறது.

பங்க்கின் கோப்பு அவருடைய செல்லக் கோப்பு. பங்க் முதலாளி அமர்த்தியிருந்த ஆலோசகர் வழவழத் தாளில், வண்ண வரைபடத்தோடு, ஒரு நாள்கூடத் தவறாமல் அறிக்கை கொடுத்துவிடுவார். நிலத்தடி நீரைச் சோதிக்கும் குழாய்களை முதலாளியின் மனைக்குள்ளேயே, மேட்டுப் பக்கமாகப் பார்த்து இறக்கியிருந்தார். மேட்டில் எடுத்த தண்ணீர் எல்லாத் தடவையும் சுத்தமாக இருந்தது. அக்கம்பக்கத்தாரின் கருத்துக் கேட்டு, பங்க்கில் கண்ணில் படும் இடத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்பது விதி. காற்று அடிக்கும் இயந்திரத்துக்குப் பின்சுவரில் ஒட்டினார்கள். படம் எடுத்தவரின் கண்ணில் பட்டது. படம் கோப்பில் இருக்கிறது. கடைசியில் 'வரப்பெற்ற கருத்துகள்: எதுவுமில்லை' என்று வந்ததைத் தம்பி ஒருமுறை திருப்பி அனுப்பினார். 'எதுவுமில்லை'க்குப் பிறகு புள்ளி வைக்கவில்லை.

ஞாயிறுதோறும் சோற்றைப் பரிமாறிக்கொண்டே அக்கா சொன்னது அவர் காதில் விழாமல் இல்லை. "கொதிக்க வெச்சுத்தான் குடிக்கிறேன், அப்பவும் நாக்குல ஏதோ நிக்குதுடா." "நல்லாக் கொதிக்க விடுக்கா" என்று சொல்லியிருக்கிறார். அதெல்லாம் அக்கா தம்பிக்குள் பேசிக்கொள்வது. கருத்து என்றால் எழுத்தில் வர வேண்டும்.

இதில் இன்னொரு கூத்து. தம்பியின் சட்டைகளையும் அக்காதான் துவைத்தாள், பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து. அந்தச் சட்டைகளோடு அவர் அலுவலகத்துக்குப் போக, ஏசி அறையில் அவரைச் சுற்றி மெல்லிய பெட்ரோல் வாசம் நிற்கும். இயக்குநர் அதை ஒருநாள் ஆழ்ந்து இழுத்து, மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தீங்களா? களத்துலேருந்து நேரா வர்றாரு மனுஷன். கடமையோட வாசனைய்யா இது!" மறுக்கலாமா என்று தம்பி யோசித்தார். பதவி உயர்வுக்கான பெயர்கள் பரிசீலனையில் இருந்த மாதம் அது. யோசனையோடு நிறுத்திக்கொண்டார்.

நிறைவு அறிக்கையில் ஒரே ஒரு நெருடல். தெருவில் இன்னும் வாடை வருவதற்குக் காரணம் எழுதியாக வேண்டும், அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. ஆலோசகர் தயங்கவில்லை. 'அருகிலுள்ள மனையில் இயங்கும் சலவைத் தொழிலகம் பயன்படுத்தும் கரைப்பான்களே காரணமாகலாம்' என்று எழுதி, மனை எண்ணையும் போட்டிருந்தார். கட்டம் நிரம்பியிருந்தது. தொழிலகம் என்றதும் தம்பியின் மனத்தில் எழுந்தது ஒரு புகைபோக்கி. இரண்டு சிமெண்டுத் தொட்டி அல்ல. அக்கா வீட்டுக்கு அவருக்குத் தெரிந்த அடையாளம் நீலக் கதவும் கொடியில் ஆடும் துணியும்தான். மனை எண்ணால் அந்த வீட்டை அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. விதிப்படி அந்த மனைக்காரருக்கு ஒரு கடிதம் போக வேண்டும். ஒரு கட்டுக் கடிதங்களோடு அதிலும் கையெழுத்துப் போட்டார், கீழே ஒரு புள்ளியும்.

பங்க்கின் கோப்பை மூடிய அன்று அலுவலகத்தில் சின்ன விழா. குறித்த காலத்துக்குள் சீரமைத்து முடித்த முதல் இடம் என்று தலைமையிடத்திலிருந்து கேடயம் வந்திருந்தது. வரவேற்பு மேசைக்காரரை நாற்காலி போட அனுப்பிவிட்டதால், அவர் இடத்தில் தம்பி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பாட்டில். உள்ளே இயக்குநரின் ஒத்திகைக் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. "மண்ணைச் சுத்தம் செய்தோம். அதைவிடப் பெரிது, கோப்பைச் சுத்தமாக வைத்திருந்தோம்..."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றாள்.

முதலில் அவருக்குச் சந்தோஷம். கேடயம் வாங்குவதைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். "யாருக்கா சொன்னா உனக்கு? உள்ள வா, நாற்காலி போடச் சொல்றேன்."

"உக்கார வரல." தடுப்பின் இடைவெளி வழியாக ஒரு கடிதத்தை நீட்டினாள். "எங்க கிணத்துலேருந்துதான் ஊருக்கெல்லாம் கசியுதாம். கடுதாசி கெடச்ச ஒரு நாளைக்குள்ள நான் அறிக்கை தரணுமாம். இல்லன்னா சலவைய இழுத்து மூடிருவாங்களாம். கீழ யாரு கையெழுத்துன்னு பாரு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

அவளுக்குக் கண் நன்றாகவே தெரியும். ஊசியில் நூல் கோத்துக் கழன்ற பட்டன்களை அவள்தான் தைக்கிறாள்.

கடிதத்தைப் பார்த்தார். மனை எண்ணைப் பார்த்தார். கீழே தன் கையெழுத்தையும் புள்ளியையும் பார்த்தார்.

"இது வந்து... பொதுவாப் போற கடிதம்க்கா. எண்ணப் பாத்து அனுப்புறது. உன் வீடுன்னு தெரியாது."

"தெரியாம வேற யாரு வீடுன்னு நெனச்ச?"

வேறு யாருடைய வீடாக இருந்திருந்தாலும் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

"நான் பேசிக்கிறேன்க்கா. கோப்பு இன்னிக்கி மூடிட்டாங்க, தெறக்குறது கொஞ்சம்..."

"நீ ஒண்ணும் பேச வேணாம். அறிக்கை கேட்டிருக்காங்க, எழுதிட்டு வந்துட்டேன். குறை இருந்தாச் சொல்லு. நீ எல்லாத்தையும் திருப்பி அனுப்புற ஆளாமே."

முதல் அறிக்கைப் படிவம். முத்து முத்தாக நிரப்பியிருந்தாள். பழக்கம் விடவில்லை, தம்பியின் கண் வாக்கியக் கடைசிகளைத் தேடிப் போனது. புள்ளிகள் இருந்தன. கசிந்த பொருள்: பெட்ரோல். எங்கிருந்து: தெருமுனை பங்க். பாதிக்கப்பட்டது: கிணறு, துணி, வயிறு. நடுவில் இரண்டு கட்டங்கள் மட்டும் காலி.

"இதுல ரெண்டு விட்டுட்டியே" என்றார். வாய் தன் வேலையைத் தானே பார்த்தது.

"ஆமா, அது எனக்குத் தெரியல, உன்னக் கேட்டு எழுதலாம்னு வந்தேன். 'முதலில் கண்டறிந்தவர் பெயர்'ன்னு போட்டிருக்கு. நான் இல்லடா அது. எனக்கு வாடை தெரியறதுக்கு முந்தியே ஒருத்தன் எங்க வீட்டுக்குத் தண்ணி கொண்டுவர ஆரம்பிச்சிட்டான். அடுத்த கட்டத்துல என்னிக்கின்னு கேக்குது. அந்த டாக்டர் உன்கிட்ட என்னிக்கிடா சொன்னாரு?"

அவள் குரலை உயர்த்தவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

உள்ளே கை தட்டினார்கள். ஒலிபெருக்கி கரகரத்தது: "இந்தக் கோப்பின் நாயகனை மேடைக்கு அழைக்கிறேன். எங்க அவரு? வாசனை வருதே, ஆளக் காணோமே!" ஒரே சிரிப்பு.

அக்கா தடுப்பின் இடைவெளியில் கையை விட்டு அவருடைய பாட்டிலை எடுத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மூடியைத் திருகி, மோந்தாள். பிறகு அண்ணாந்து, தொண்டை ஏறியிறங்க, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

"நல்லாருக்கு" என்றாள். காலி பாட்டிலைப் படிவத்தின் மேல், காற்றில் பறக்காதபடி வைத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றி அவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, சுவரோர பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே அவர் பெயரை இரண்டாம் முறை அழைத்தார்கள். தம்பி பேனாவை எடுத்தார். பாட்டிலின் அடியில் இருந்த ஈரம் காலிக் கட்டத்தின் மேல் வட்டமாய்ப் பரவிக்கொண்டிருந்தது. குனிந்தபோது, அக்கா துவைத்துத் தேய்த்த காலரிலிருந்து அந்த வாடை மெதுவாக எழுந்து வந்தது.