முப்பத்தேழு வாக்கியங்கள்

சியாயி நகரத்துக் கிழக்குச் சந்தையை ஒட்டிய சந்தில், தம்பியின் இரும்புக் கடைக்கு மேல்மாடியில், யுன்ஷூ ஆங்கில டியூஷன் சென்டர் நடத்திவந்தாள். இரண்டு அறை, இருபத்து மூன்று பிள்ளைகள். பாதிக்கு மேல் சந்தைக்காரர்களின் பிள்ளைகள். சந்தைக்காரனிடம் படிப்பை விற்பது லேசுப்பட்ட காரியமில்லை. அவன் கண் எப்போதும் தராசு முள்ளைப் பார்த்தே பழகியது. கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஏதாவது கொடுத்தால்தான் நம்புவான். யுன்ஷூ கொடுத்தது ஒரு மஞ்சள் அட்டைப் புத்தகம்.

இங்கிலீஷில் என்னுடைய, உன்னுடைய, அவனுடைய, அவளுடைய என்று உடைமை சொல்லும் இடத்தில்தான் அந்த ஊர்ப் பிள்ளைகள் வழுக்கி விழும். சீனப் பேச்சில் அவனும் அவளும் ஒரே சத்தம். அதனால் மாமாவின் மீசையைக் கூசாமல் அத்தைக்கு ஒட்டிவிடும். அதற்கு மருந்தாக அந்தப் புத்தகத்தில் நூற்றிருபது வாக்கியங்கள் இருந்தன. அத்தனையும் நூறு வருடத்துக்கு முந்திய ஆங்கில நாவல்களிலிருந்து எடுத்தவை என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தாள். காய்கறிக்காரியின் பிள்ளை மேதைகளின் வாயிலிருந்து நேராகக் கற்கிறது என்றால் எந்தத் தாய்க்குத்தான் மனசு குளிராது?

ஒரு சங்கதி மட்டும் வெளியே தெரியாது. பழைய எழுத்தாளர்கள் பத்து வயதுப் பிள்ளைக்காக எழுதியவர்கள் இல்லை. ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அரைப் பக்கம் போய்த்தான் மூச்சு விடுவார்கள். சலித்துச் சலித்துப் பார்த்ததில் எண்பத்து மூன்றுதான் தேறியது. அச்சகத்துக்காரர் அவசரப்படுத்தவே, மீதி முப்பத்தேழை யுன்ஷூ தானே எழுதிச் சேர்த்துவிட்டாள். அவற்றுக்கும் 'பழைய நாவல்' என்ற பட்டம்தான். ஆறு வருடமாக ஒருவரும் கேட்கவில்லை.

போன மாதம் எதிர்ச்சாரியில் தெங் என்பவன் புது சென்டர் திறந்தான். திறந்த அன்றே, போட்டித் தேர்வில் ஜெயித்த மாணவர் பட்டியலைச் சிவப்புத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டினான். அதில் முதல் பெயர் மிங்யு. யுன்ஷூவின் கதவிலும் முதல் பெயர் மிங்யுதான். அந்தத் தொழிலின் வழக்கம் அது. ஒரு நாள் வந்து உட்கார்ந்து போன பிள்ளையும் நம்ம பிள்ளை. அதை யுன்ஷூ பொருட்படுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், மீன் உருண்டை விற்கும் லியாவ் ரப்பர் பூட்ஸோடு மாடியேறி வந்து மேஜையில் இரண்டு புத்தகங்களைப் போட்டாள். ஒன்று மஞ்சள். மற்றது தெங்கினுடையது; வழுவழுத் தாள், நாலு கலர். உள்ளே அதே நூற்றிருபது வாக்கியங்கள், அதே வரிசையில்.

"டீச்சர், ரெண்டு கடையிலயும் ஒரே சரக்கு. அங்க ஏசி நல்லா ஓடுது, முதல் மாசம் இனாம். நான் எதுக்கு இந்தப் படி ஏறணும்? எனக்கு முட்டி வலி வேற."

அவன் காப்பியடித்துவிட்டான் என்றாள் யுன்ஷூ.

"அப்படின்னா நிரூபிங்க. இல்ல, ஃபீஸக் குறைங்க. சனிக்கிழமை வகுப்புக்குப் பெத்தவங்க எல்லாரும் வர்றோம். பாத்துட்டு முடிவு பண்றோம்."

எல்லாரும் என்றால் இருபத்து மூன்று வீடும். பதினைந்துக்குக் கீழே போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்று யுன்ஷூவுக்குத் தெரியும். லியாவ் இறங்கிப் போனதிலிருந்து அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஜன்னலுக்குப் போனாள், வந்தாள். பென்சில்களைச் சீவினாள், சீவியதையே மறுபடி சீவினாள். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, சாப்பிட மறந்து, மூடிவைத்தாள். பழைய நாவல்களிலிருந்து யாரும் எடுக்கலாம். அதைத் திருட்டென்று சொல்ல முடியாது. திருட்டுக்கு அத்தாட்சி அந்த முப்பத்தேழுதான். உலகத்தில் எந்த நாவலிலும் இல்லாத வாக்கியங்கள் தெங்கின் புத்தகத்துக்குள் வேறெப்படி வந்தன? ஆனால் அதைச் சொல்ல வாயைத் திறந்தால் முதலில் உடைவது தன் பானை. திருடனுக்குத் தேள் கொட்டின கதை அவளுக்கு.

கீழே போய்த் தம்பி குன்ஹோங்கிடம் சொன்னாள். அவன் ஆணியை நிறுத்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, மழைக்கு அசையாத பெயின்ட்டுன்னுதான் நானும் விக்கிறேன். மழை வந்து போன பிறகு எவனாவது வந்து கேட்டானா? கேக்காதவன்கிட்டப் போய் சொல்றதுக்குப் பேரு யோக்கியம் இல்ல, வியாதி."

ஃபீஸைக் குறைத்துவிட்டு வாயை மூடு என்றான். குறைத்தால் நான்கு மாதம் தாங்காது என்றாள் இவள். அப்படியானால் தெங்கிடமே போய்ப் பேசிப் பார் என்றான்.

வியாழக்கிழமை போனாள். தெங் மலைத் தேயிலையைச் சின்னச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினான். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

"டீச்சர், செத்துப்போன எழுத்தாளருங்க உங்க சித்தப்பாவா, எங்க சித்தப்பாவா? ஊருக்கே பொது."

வரிசைகூட எப்படி ஒன்றாக வந்தது என்று கேட்டாள். நம் இருவருக்கும் ரசனை ஒன்றாக இருக்கிறது, சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். தேநீர் தந்த தெம்பில் ஒரு படி மேலே போனான்.

"அந்த அறுபத்து நாலாவது இருக்கே, காலேஜ்ல அந்த நாவலப் படிச்சப்ப அழுதுட்டேன். பாவம் அந்த விதவை."

அறுபத்து நான்காவது வாக்கியம் இதுதான்: 'வீடு அவர்களுடையது, நிலமும் அவர்களுடையது, காத்திருந்த கண்கள் மட்டும் அவளுடையவை.' ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் கடையில், பஞ்சர் ஒட்டி முடியும்வரை உட்கார்ந்திருந்தபோது ரசீதின் முதுகில் யுன்ஷூ எழுதியது. அதில் விதவையும் கிடையாது, நாவலும் கிடையாது. எந்த விதவை என்று கேட்க நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சூடான தேநீரோடு சேர்த்து விழுங்கினாள். படி இறங்கும்போது வயிறு எரிந்தது. ஒரு மனுஷன் அழுததாகப் பொய் சொல்லும் அளவுக்கு எழுதியிருக்கிறோம் என்று, அந்த எரிச்சலுக்கு நடுவில் ஒரு துளி குளிர்ச்சியும் இருந்தது. அந்தக் குளிர்ச்சியை நினைத்து இன்னும் எரிந்தது.

சனிக்கிழமை காலை பெற்றோர் பின்வரிசை ஸ்டூல்களில் முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் பத்துப் பேர் சுவரோரமாக நின்றார்கள். மிங்யுவின் அப்பா லுவோ, வங்கி உத்தியோகஸ்தர், பேனாவும் குறிப்பேடுமாக நடுவில் இருந்தார். யுன்ஷூ முதல் பக்கத்தை எடுக்கச் சொன்னாள். பிள்ளைகள் படித்தன. அவள் பலகைக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். மூன்றாவது வாக்கியம் முடிவதற்குள் பின்னாலிருந்து லியாவ் குரல் கொடுத்தாள்.

"நிரூபணம் என்னாச்சு, டீச்சர்?"

யுன்ஷூ புத்தகத்தை மூடினாள். நிரூபிக்க முடியவில்லை என்று சொல்லிவிடலாம். கட்டணத்தைக் குறைக்கிறேன் என்றும் சொல்லலாம். இரண்டையும் விட்டுவிட்டு, பின்வரிசையைப் பார்த்து நேராகச் சொன்னாள்.

"இந்தப் புத்தகத்துல முப்பத்தேழு வாக்கியம் எந்த நாவல்லயும் கிடையாது. நான் எழுதினது. பழைய ஆளுங்க எழுதினதுன்னு பொய்யாப் போட்டேன். அந்த முப்பத்தேழும் எதிர்ச்சாரிப் புத்தகத்துலயும் இருக்கு. எந்த நாவல்ல பாத்தாருன்னு அவரையே கேளுங்க."

சொல்லிவிட்டு முப்பத்தேழு எண்களையும் பலகையில் எழுதினாள். பிள்ளைகள் அவசர அவசரமாகப் பக்கம் புரட்டிப் பார்த்தன.

லுவோ எழுந்தார். ஆறு வருடமாகப் போலிச் சரக்கைக் கொடுத்திருக்கிறீர்கள், ஒரு வாத்தியாருக்கு இது அடுக்குமா என்று கேட்டார். மிங்யு பையை மெதுவாக, மிக மெதுவாக மூடினாள். அப்பாவின் பின்னால் போனாள். அவர்களைப் பார்த்து இன்னும் ஆறு பேர் பிள்ளைகளோடு எழுந்தார்கள். படியில் காலடிச் சத்தம் இறங்க இறங்க, யுன்ஷூ மனசுக்குள் எண்ணினாள். மிச்சம் பதினாறு.

லியாவ் எழுந்திருக்கவில்லை. எண்களைக் கைப்பேசியில் படம் எடுத்து, பக்கத்தில் நின்ற பழக்கடைக்காரியின் கையில் கொடுத்து எதிர்ச்சாரிக்கு அனுப்பினாள். பிறகு விசாரணையைத் தொடங்கினாள்.

"அந்த முப்பத்தேழுல இங்கிலீஷ் தப்பா?"

"இல்லக்கா."

"பரீட்சைல மார்க்கு வருதா?"

உங்கள் பையனுக்கே வந்ததே என்றாள் யுன்ஷூ.

லியாவ் முட்டியைத் தடவிக்கொண்டாள். "அடுத்தவன் சரக்கத் தன் சரக்குன்னு விக்கிறவன சந்தை பூராப் பாத்திருக்கேன். தன் சரக்க அடுத்தவன் சரக்குன்னு வித்த ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன். உங்கள மோசடிக்காரின்னு திட்டுறதா, மக்குன்னு திட்டுறதா?"

பின்வரிசை சிரித்தது. யுன்ஷூவுக்குச் சிரிப்பு வரவில்லை. காது மடல் சுட்டது.

பழக்கடைக்காரி மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். அந்த நாவலைக் காட்டுங்கள் என்று கேட்டாளாம். புத்தகம் ஊரில் அம்மா வீட்டுப் பரணில் இருக்கிறது என்று தெங் சொன்னானாம். முப்பத்தேழுமா என்றதற்கு, பெரிய பரண் என்றானாம்.

"சரி. உக்காருறோம்," என்றாள் லியாவ். "ஆனா முப்பத்தேழு போலிக்கு ஃபீஸ்ல ஏதாவது குறைங்க."

"குறைக்க முடியாதுக்கா. மத்த எண்பத்து மூணு எந்த நூலகத்துலயும் சும்மாவே கிடைக்கும். இந்த முப்பத்தேழு என்கிட்ட மட்டும்தான் இருக்கு."

லியாவ் அவளை மேலும் கீழும் பார்த்தாள், எடை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு கையைக் கட்டிக்கொண்டாள். மற்றவர்களும் ஸ்டூலை இழுத்துச் சரியாக உட்கார்ந்தார்கள்.

யுன்ஷூ பிள்ளைகளிடம், பலகையில் உள்ள எண்களுக்குப் பக்கத்தில் 'பழைய நாவல்' என்றிருப்பதை அடிக்கச் சொன்னாள். பேனாக்கள் கீறின. லியாவின் பையன் தலையைத் தூக்கி, அடித்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டான்.

அவள் சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையில் தன் பெயரை எழுதத் தொடங்கினாள். மூன்றே எழுத்து. இரண்டாவதை அழுத்தி எழுதியதில் சுண்ணக்கட்டி ஒடிந்தது. கீழே விழுந்த துண்டைப் பொறுக்கி மூன்றாவதையும் எழுதி முடித்தாள்.