சுவருக்குள் இன்ஸ்பெக்டர்

குளியலறையில் கடைசி டைல்ஸையும் ஒட்டி, ஈரத்துணியால் துடைத்து, இரண்டடி தள்ளி நின்று டைல்ஸ்காரர் தன் வேலையைத் தானே ரசித்துக்கொண்டிருந்தபோது, சுவர் 'மியாவ்' என்றது.

அவர் நம்பவில்லை. இருபத்திரண்டு வருட அனுபவத்தில் சுவர் விரிசல் விட்டதுண்டு, ஒழுகியதுண்டு, ஒருமுறை சரிந்தும் விழுந்ததுண்டு. வாய் திறந்ததில்லை. காதைக் குடைந்துகொண்டு மறுபடி கேட்டார். சுவர் இந்த முறை சற்றுக் கோபமாகவே கூப்பிட்டது.

அந்த வீட்டுப் பூனைக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். எந்தப் பை வீட்டுக்குள் வந்தாலும் முதலில் அது தலையை விட்டுப் பார்க்கவேண்டும். மூடிய கதவைக் கண்டால் பொறுக்காது. பிறாண்டித் திறக்க வைத்துவிட்டு, உள்ளே போகாமல் வாசலிலேயே உட்கார்ந்து சோம்பல் முறிக்கும். போன வாரம் டியூப் லைட் மாற்ற வந்தவரின் ஏணியில் அவருக்கு முன்னால் ஏறிவிட்டது.

ஒன்பது நாளாக அதற்கு இன்னொரு வேலையும் சேர்ந்திருந்தது. வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுபவர்; அவர் மனைவி தையல் ஆலையில் தரம் பார்ப்பவள். அவள் பெயருக்கு வந்த கவரை அவர் பிரித்துவிட்டார். எட்டு மணி நேரப் பயணத் தூரத்திலிருக்கும் கிளைக்கு மேற்பார்வையாளராக அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். விண்ணப்பித்ததையே சொல்லவில்லையே என்று அவருக்குக் கோபம். என் கவரை எப்படிப் பிரிக்கலாம் என்று அவளுக்கு. அன்றிலிருந்து இருவரும் பூனையிடம்தான் பேசினார்கள்.

காலையில் வந்ததிலிருந்து டைல்ஸ்காரர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்ஸ்பெக்டர், அவர்கிட்ட டீ ஆறுதுன்னு சொல்லு." "இன்ஸ்பெக்டர், எனக்குக் கண்ணு தெரியும்னு சொல்லு." பூனை இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளாமல், குழாய் ஒழுகலுக்காகச் சுவரின் குழாய் இடுக்குவரை உடைத்திருந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சிமென்ட் பசை கலக்கப் போன ஐந்து நிமிடத்தில் அங்கே அது இல்லை. தொல்லை விட்டது என்று ஓட்டையை அடைத்திருந்தார்.

"சார், அக்கா, கொஞ்சம் வாங்க. உங்க பூனை…" என்று இழுத்தார்.

இருவரும் ஓடிவந்தார்கள். சுவர் கத்தியது. வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். சொல்வதற்கு ஆயிரம் இருந்தது, யார் மூலமாகச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அவர் மேல்வரிசையில் காதை வைத்தார். அவள் கீழே. சத்தம் நகர்ந்துகொண்டே இருந்தது, காதுகளும் நகர்ந்தன. கடைசியில் இருவரும் ஒரே டைல்ஸில் கன்னம் பதித்து, மூக்கும் மூக்கும் இடிக்க நின்றார்கள்.

"இங்க," என்றார் அவர்.

"இல்லங்க, இன்னும் கீழ," என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இருவரும் சட்டென்று சுவரிலிருந்து கன்னத்தை எடுத்தார்கள்.

"உடைக்கணுமா?" என்றார் டைல்ஸ்காரர், பெற்ற பிள்ளையையே கேட்டுவிட்டதுபோல. "இவ்ளோ நேரா ஒட்டியிருக்கேன், பாருங்க."

"உடைங்க," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

உளியை வைத்துத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ஓட்டை விழுந்தது. உள்ளே இரண்டு கண்கள் பளபளத்தன. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். தலை முழுக்க ஒட்டடையோடு இன்ஸ்பெக்டர் வெளியே வந்தது, மூவரையும் ஒரு பார்வை பார்த்தது, உளியை மோந்தது, திரும்பி மறுபடி உள்ளே போய்விட்டது.

"அடப்பாவி! அப்ப எதுக்கு அந்தக் கத்து கத்துச்சு?" என்றார் டைல்ஸ்காரர்.

"வழி அடைச்சா பிடிக்காது. திறந்திருந்தாப் போதும், உள்ளயே கிடக்கும்," என்றாள் மனைவி. பிறகு சுவரைப் பார்த்தபடியே, "ஆனா ஒட்டியிருக்கிறதையெல்லாம் பிரிச்சுப் பாக்கணும்னு தோணுது சில பேருக்கு," என்றாள்.

வேன்காரருக்குக் காது சிவந்தது. "தப்புதான்," என்றார் மெல்ல. "என்ன இருக்குமோன்னு கை துறுதுறுன்னுச்சு. பிரிச்ச பிறகு ஏன் பிரிச்சோம்னு ஆயிடுச்சு." உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றைக் காலால் ஓரம் தள்ளினார். "நீ போகப் போறியா?"

"தெரியல. போகணும்னு எழுதிப் போடல. நமக்கெல்லாம் குடுப்பாங்களான்னு பாக்கணும்போல இருந்துச்சு. அவ்ளோதான்."

"குடுத்துட்டாங்களே."

"ஆமா," என்றாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஒன்பது நாளாக அதை யாரிடமும் காட்ட முடியாமல் வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

உள்ளே எதையோ பிறாண்டும் சத்தம் கேட்டது. வேன்காரர் மண்டியிட்டு, கைபேசி விளக்கைப் பிடித்து ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன இருக்கு?"

"தெரியல. குழாய்க்கு அந்தப் பக்கம் ஏதோ செய்யுது."

"நகருங்க, நான் பாக்கறேன்."

"இரு, இரு. இந்தப் பக்கமா வா."

பசை காய்கிறதே என்று சொல்ல வந்த டைல்ஸ்காரர், பூச்சுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி கதவோரம் நின்றார். அங்கிருந்து அவருக்குத் தெரிந்ததெல்லாம், சிமென்ட் தூசி படிந்து வெளுத்துப்போய், ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்த நான்கு உள்ளங்கால்கள்தான்.