தனியாக வந்த ஆறு பேர்

டயாலிசிஸ் மையத்தின் கணினி, சில நோயாளிகளின் பெயரைத் தொட்டால் மட்டும் வெள்ளைத் திரையாகிவிடும். நூற்றுப்பத்துப் பேரில் ஆறு பேர். வயது, ரத்த வகை, மருத்துவர், எதிலும் அந்த ஆறு பேருக்குள் ஒற்றுமை இல்லை. நிரல் எழுதியவள் மூன்று நாட்களாக வரவேற்பு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து கண் எரியப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆளப் பாத்தா உன் கம்ப்யூட்டருக்கு மயக்கம் வருதாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போனார் நர்ஸ் அக்கா.

பிழைச் செய்தி ஒன்றுதான்: இல்லாத ஒன்றிடம் கைபேசி எண்ணைக் கேட்கிறாய். நிரலில் ஒவ்வொரு நோயாளியும் ஒரு பெட்டி. அதற்குள் துணைவர், அதாவது கூட வருபவர், என்று ஒரு சின்னப் பெட்டி, அதற்குள், முறை வரும்போது செய்தி அனுப்ப, அவர் எண். சின்னப் பெட்டியே இல்லையென்றால் நிரலின் கை அந்தரத்தில் துழாவி, அப்படியே நின்றுவிடும். ஆனால் இரண்டு வருடமாக ஒருநாளும் இப்படி நின்றதில்லையே?

நேற்று அலுத்துப்போய் ஒரு குறுக்குவழி எழுதியிருந்தாள்: பிழை வந்தால் அந்த ஆளைத் தாண்டிப் போ. வெள்ளைத் திரை ஒழிந்தது.

இன்று மதியம் ஒரு தையல்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு வந்தார். காலை ஏழு மணிக்கே பதிந்தவர். அழைப்புப் பலகையில் அவர் பெயர் வரவே இல்லை. கால்கள் வீங்கி, மூச்சு வாங்கியது.

“என்னய மறந்துட்டீங்களோன்னு கேக்கலாம்னு வந்தேன்” என்றார்.

நர்ஸ் அக்கா அவரை உடனே உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்து இயந்திரத்தில் இணைத்தார். அவள் அந்தக் குறுக்குவழியை அழித்தாள். பிறகு போய், துணைக்கு யார் வருவார்கள் என்று அவரிடம் கேட்டாள். யாருமில்லை, முன்பு வரவேற்பில் இருந்த அம்மாதான் ஒவ்வொரு தடவையும் தன் எண்ணைப் போட்டுக்கொள்வார் என்றார்.

அந்த அம்மா போன வாரம்தான் வேறு கிளைக்கு மாறியிருந்தார். புதிதாக வந்தவர், உள்ளதை உள்ளபடி, கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார். அவள் அந்த அம்மாவைக் கைபேசியில் கூப்பிட்டாள். ஆறு பேரின் பெயரையும் அவர் மளமளவென்று சொன்னார்.

“யாருமில்லன்னு எழுத மனசு வரலம்மா. ஒண்ணுன்னா நான் ஓடமாட்டேனா?”

அவள் நிரலைத் திருத்தினாள். எண்ணைக் கேட்பதற்கு முன், துணைவர் இருக்கிறாரா என்று பார். இருந்தால் அவர் எண்ணை எடு. இல்லையென்றால் நோயாளியின் சொந்த எண்ணை எடு. பெயரை வரிசையில் வை. நர்ஸின் திரையில் ‘தனியாக வந்தவர்’ என்று காட்டு. வேறு எந்தப் பிழை வந்தாலும் விழுங்காதே, யார் பெயரில் வந்தது என்று திரையில் சொல்.

ஓட்டிப் பார்த்தாள். ஆறு பெயரும் பலகையில் வந்தன.