நாற்பத்திரண்டு வாசல்கள்

தேர்தல் அறிவித்த நாள் முதல் பிரசாரம் ஓயும் நாள் வரை, பெத்தணன் காலை பத்து மணிக்கு முன்னால் எவரிடமும் ஒரு சொல் பேசமாட்டார். குரலை அவர் அப்படித்தான் காப்பாற்றி வந்தார். அதிமதுரத் துண்டு ஒன்றைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு, மல்லாங்கிணறு டீக்கடையில் விரலைக் காட்டியே டீ வாங்கிக் குடிப்பார். மனைவி இருந்த காலத்தில் இந்த விரதம் கடினமாக இருந்தது. வேண்டுமென்றே எதையாவது கேட்டுச் சிரிக்க வைத்துவிடுவாள். அவள் போன பிறகு எளிதாகிவிட்டது. தேர்தல் இல்லாத மாதங்களிலும் தம் வீட்டில் பேச்சுச் சத்தம் எழுவதில்லை என்பதை அவர் வெகு தாமதமாகத்தான் கவனித்தார்.

பத்து மணிக்குப் பிரசார ஜீப்பின் முன்னிருக்கையில் அமர்ந்து மைக்கை எடுப்பார். ‘அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே’ என்று அவர் தொடங்கினால், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் அடுப்படியில் இருப்பவர்களும் தலையை நிமிர்த்துவார்கள். இருபது ஆண்டுகளாக அந்தக் குரலை அறியாத வீடு அங்கே இல்லை. அந்த முகத்தை அறிந்த வீடும் இல்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில், வேட்பாளர் முதல் வாரம் எழுதிக் கொடுத்த தாளில் இப்படி இருந்தது: ‘உரிமம் இல்லாத பட்டாசுக் கொட்டகைகள் ஒவ்வொன்றும் மூடப்படும். உயிரிழந்த தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு வேலை தரப்படும்.’ வெம்பக்கோட்டை அணைக்கு அப்பாலிருந்த கருத்தாண்டிபட்டியில் அதைப் படித்துக்கொண்டு போனபோது, ஒரு பெண் ஓடிவந்து ஜீப்பின் முன்னால் நின்றாள். விரல் நகங்களில் வெடிமருந்தின் சாம்பல் நிறம் படிந்திருந்தது. சீமைக்கருவேலங் காட்டுக்குள் நடக்கும் கொட்டகை ஒன்றில், போன வருடம் அவள் புருஷன் கருகிச் செத்திருந்தான். அதே கொட்டகையில்தான் அவளும் இப்போது திரி சொருகிக்கொண்டிருந்தாள்.

“நெசந்தானா அண்ணாச்சி? மூடிருவாகளா?”

“இருவது வருசமா கேக்குறீகளே தாயி, இந்தக் கொரலு பொய் சொல்லிருக்கா? நான் சொன்னா சொன்னதுதான். தைரியமா இரு.”

அதைச் சொல்லச் சொல்லி எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. கேட்டவள் முகம் மலர்ந்ததைக் கண்டு, தாமாகவே சொன்னார்.

அவள் தைரியமாகத்தான் இருந்தாள். அடுத்த திங்கட்கிழமை விருதுநகர் கலெக்டர் அலுவலகத்துக்குப் பஸ் ஏறினாள். தேர்தலை முன்னிட்டுக் குறைதீர் கூட்டம் இல்லை என்றார்கள். வாசலில் வைத்திருந்த பெட்டியில், கொட்டகை இருக்கும் இடத்தை எழுதிக் கையொப்பமிட்ட மனுவைப் போட்டுவிட்டு வந்தாள். எட்டாம் நாள் அதிகாரிகள் அந்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டே வந்து சீல் வைத்தார்கள். தீபாவளி ஆர்டருக்கு வேலை சூடு பிடித்திருந்த நேரத்தில், முப்பது பெண்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

மூன்றாம் வாரம் வேட்பாளர் சிவகாசியில் ஒரு திருமண மண்டபத்தில் முதலாளிகளோடு சாப்பிட்டார். மறுநாள் தாள் மாறியிருந்தது. ‘மூடிய கொட்டகைகள் திறக்கப்படும். பொய்ப் புகார் கொடுத்துத் தொழிலை நசுக்குவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’ சாயம் பூசிக்கொண்ட நரியைக் கதைகளில் ஒரு மழை வந்து காட்டிக்கொடுத்துவிடும். சித்திரை மாதத்தில் இந்தப் பக்கம் மழைக்கு எங்கே போவது? பெத்தணன் தாளை இரண்டு முறை படித்துப் பார்த்தார். பிறகு மைக்கை எடுத்து, முன்பு படித்த அதே கனிவோடு படித்தார்.

கருத்தாண்டிபட்டித் தெருவில் ஜீப் மெல்ல ஊர்ந்தபோது, குழாயடியில் இருந்த தங்கத்தாய் என்பவள் கைகொட்டிச் சிரித்தாள்.

“ஏ மனுக்காரி! ஒங்க அண்ணாச்சி வந்திருக்காக பாரு. ஆரத்தி எடுக்கலையா?”

மூன்று வீடு தள்ளி ஒரு கதவு உள்ளிருந்து சாத்தப்பட்டது. பக்கவாட்டுக் கண்ணாடியில் பெத்தணன் அதைப் பார்த்தார்.

“யாரப்பா மனுக்காரி?”

“ஒங்கள மறிச்சிக் கேட்டுச்சே, அந்தப் பொம்பளதான் அண்ணாச்சி,” என்றார் டிரைவர் சோலைமலை. “ஊருல ஒருத்தரும் பேசுறதில்ல. கொழாயில தண்ணி புடிக்கக்கூட விடுறதில்லையாம். எந்தக் கம்பெனி வேன்லயும் ஏத்த மாட்டேங்கிறாகளாம், கூட உக்காந்து வேல பாக்க மாட்டோம்னு பொம்பளைகளே சொல்லிட்டாகளாம்.”

அன்று மிச்சமிருந்த ஊர்களிலும் அவர் படித்தார். அதற்கடுத்த நாட்களிலும் படித்தார். வேட்பாளரின் நாக்கு புரண்டதற்கு ஊரில் எவரும் வியப்படையவில்லை. அவர்கள் எத்தனையோ தேர்தலைப் பார்த்தவர்கள். அந்தத் தாளை நம்பி அவள் பஸ் ஏறவில்லை. பெத்தணனின் குரலை நம்பி ஏறினாள். இந்தக் கணக்கை அவரால் யார் தலையிலும் மாற்றி வைக்க முடியவில்லை.

பிரசாரத்தின் கடைசி நாள், ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியை அணைத்ததும், “வண்டியக் கருத்தாண்டிபட்டிக்குத் திருப்பு,” என்றார்.

“அண்ணாச்சி, இனிமே மைக்க எடுத்தா போலீஸ் கேஸ் ஆயிரும்.”

“மைக்கு வேண்டாம்.”

ஊர் எல்லையில் இறங்கி நடந்தார். முதல் வீட்டு வாசலில் தங்கத்தாய் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நரைத்த மீசையோடு வந்து நின்றவரை அவளுக்கு யாரென்று தெரியவில்லை.

“யாரப் பாக்கணும்?”

“நாந்தான் தாயி... அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே...”

அவள் முறத்தை வைத்துவிட்டு வெடித்துச் சிரித்தாள். “அட, நீங்கதானா! கொரல வச்சு ராசா மாதிரி இருப்பீகன்னுல்ல நெனச்சோம். என்ன, இன்னும் ஓட்டுக் கேட்டு முடியலையா?”

“ஓட்டுக் கேக்க வரல. சொன்னதத் திருப்பி வாங்க வந்திருக்கேன். அந்தப் பிள்ள தானா மனுப் போடல. என்கிட்ட நெசமான்னு கேட்டுச்சு. நான் சத்தியம் மாதிரி சொன்னேன். தப்பு என்னது. கோவத்த என் மேல காட்டுங்க; அதோட பேசாம இருக்காதீக.”

“எந்தப் பிள்ள?”

அந்தத் தெருவின் வாக்காளர் எண்ணிக்கை பெத்தணனுக்குத் தெரியும். அவள் பெயரை அவர் கேட்டதே இல்லை.

தங்கத்தாய்க்கும் வேலை போயிருந்தது. அவளுக்கும் கோபம் தீரவில்லை. முறத்தை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டு, உளுந்தைப் பார்த்தபடி சொன்னாள்:

“ஆவுடைத்தாய்.”

அடுத்த வாசலுக்குப் போனார். அந்தத் தெருவில் நாற்பத்திரண்டு வாசல்கள். சிலர் கேட்டார்கள், ஒருவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார், சாத்திய கதவிடமும் அவர் சொல்லி முடித்துவிட்டே நகர்ந்தார். மைக் இல்லாமல் அந்தக் குரல் நாலு வீட்டுக்கு மேல் போகவில்லை. ஏழாம் வீட்டில் அது கரகரத்தது.

மூன்று வீடு தள்ளி, அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். யாரோ வெளியில், தெருமுனைப் பக்கமிருந்து, அவளுடைய பெயரைச் சொல்லிக்கொண்டு வாசல் வாசலாக நெருங்கி வந்துகொண்டிருந்தார்கள்.