ராகுகாலத்தில் தீர்ந்த பாட்டரி

விஜயலக்ஷ்மி மாமி ஞாயிற்றுக்கிழமை விளக்கேற்றும் நேரத்துக்குச் செம்பூரிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார். பார்க்க வருவது என்னைத்தான். கல்யாணத்துக்கு இல்லை. அவருடைய இரண்டு பெண்களுக்குப் பௌதிகம் சொல்லித்தர என்னால் முடியுமா என்று பார்க்க.

"உங்க ஷ்யாமளா பி.எஸ்ஸி., முதல் வகுப்பு, எல்லாம் சரி" என்று மாட்டுங்கா மார்க்கெட்டில் அம்மாவிடம் சொன்னாராம். "ஆனா வாயையே திறக்க மாட்டேங்கறாளே. மனசுக்குள்ளயே பாடம் நடத்துவாளோ?"

அம்மா சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பள்ளிக்கூடத்து இன்டர்வியூவில் ஏற்கெனவே வாயடைத்துப் போய் எழுந்து வந்தவள் நான். இதுவும் கைவிட்டுப் போனால், அப்பா பார்த்து வைத்திருக்கும் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் டைப் அடிக்கப் போக வேண்டியதுதான்.

வகுப்பு நடத்த இடமும் வேண்டும். எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு சமையலறை. நடுவில் பர்மா தேக்குத் தடுப்பு. அதில் ஒரு பலகையைக் கீல் வைத்துப் பொருத்தினால் பகலில் மேஜை, ராத்திரி மடித்துவிட்டுப் படுக்கலாம். படம் போட்டுக் கொடுத்தேன். தாராவி செல்லப்பாண்டி ஆசாரி பலகையை இழைத்து, கீலும் பூட்டிக் கொடுத்துவிட்டு, தடுப்பில் மாட்டித் தராமலே ஊர்க் கோவில் கொடைக்கு ரயிலேறிவிட்டார். அப்பா ஆணி அடித்துப் பார்த்தார். தேக்கு அசையவில்லை. ஆணிதான் வளைந்தது.

"ஓட்டை போட்டுட்டுத் திருகாணி போடணும், அப்பா. நாமே ஒரு டிரில் வாங்கிடலாம்" என்றேன்.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து அப்பா வந்ததும் இருவரும் தாராவிக்கு நடந்தோம். ஜெயினுலாப்தீன் பாயின் கடை சின்னது. கப்பல்களிலிருந்து வரும் பழைய சாமான்கள் கூரைவரை அடுக்கியிருந்தன.

"வாங்க மகாதேவன் சார். என்ன வேணும்?"

"டிரில். நல்ல கனமா ஒண்ணு" என்றார் அப்பா.

பித்தளைப் பாத்திரம் வாங்கும்போதும் அப்பா இப்படித்தான். தூக்கிப் பார்த்துக் கை வலித்தால் நல்ல சாமான். பாய் எடுத்து வைத்த முதல் டிரில் சாம்பல் நிறத்தில் அம்மிக்குழவி மாதிரி இருந்தது. அப்பா தூக்கினார். முகம் மலர்ந்தது.

"உழைக்கும்!"

என்னிடம் நீட்டினார். என் இரண்டு கைகளும் கீழே போயின.

"அப்பா, நம்ம கட்டடத்துல இதைச் சொருகினா மாடி முழுக்க ஃப்யூஸ் போயிடும்."

"பொண்ணு சொல்லுறது சரிதான் சார்" என்று பாய் அதை எடுத்து உள்ளே வைத்தார். "வீட்டு வேலைக்கு இது ஜாஸ்தி. இந்தா தாயி, கை டிரில்லு. பல்சக்கரம், கைப்பிடி. சுத்த வேண்டியதுதான். கரண்டே வேண்டாம்."

சுற்றிப் பார்த்தேன். மெதுவாக, ஒழுங்காகச் சுழன்றது. ஒரு கையால் பிடிக்க வேண்டும், ஒரு கையால் சுற்ற வேண்டும். அவ்வளவுதான். இதுவே போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் மேல்தட்டில் அது கண்ணில் பட்டது. துப்பாக்கி மாதிரிப் பிடி. விசை. பின்னால் ஒயர் இல்லை.

"பாய், அது?"

"அதுவா? அமெரிக்கக் கப்பல்காரன் கொடுத்துட்டுப் போனது. பாட்டரி உள்ளயே இருக்கு. பாரு."

விசையை அழுத்தினார். ஒயரே இல்லாமல் அது சுழன்றது! கையில் வாங்கினேன். ஒரு செம்புத் தண்ணீரின் எடைதான் இருக்கும். நானே அழுத்தினேன். உள்ளங்கையில் ஏதோ உயிருள்ளதைப் பிடித்தது போல் அதிர்ந்தது. மறுபடி அழுத்தினேன். களைத்துப் போய் நின்றுவிட்டது.

"அவ்வளவுதான் அதோட ஆயுசு" என்றார் பாய். "சார்ஜ் போடுற டப்பா நூத்திப்பத்து வோல்ட்டு. நம்ம ப்ளக்குல சொருகினா புகைஞ்சிடும். அதான் ஒரு பய எடுக்க மாட்டேங்கான்."

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். 110 வோல்ட், 10 வாட். நம் வீட்டில் வருவது இருநூற்று முப்பது. மிச்சத்தை வேறு யாராவது தின்ன வேண்டும். யார்? கணக்கு மனதில் தானாக ஓடியது. ஒரு பல்பு! தொடரிணைப்பில் ஒரு இருபத்தைந்து வாட் பல்பு!

"அப்பா, இதை நான் சார்ஜ் பண்ணிடுவேன்."

"கனமே இல்லையேடி. பொம்மை மாதிரி இருக்கு."

"அதுதாம்ப்பா அதோட அழகு."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். கடையில் நான் இவ்வளவு சத்தமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

பாய் சிரித்தார். "ரெண்டையும் கொண்டு போங்க சார். பிடிச்சதை வச்சுக்கிட்டு மத்ததைத் திருப்பிக் குடுங்க."

அன்று மாலையே பல்பையும் டப்பாவையும் இணைத்து ஸ்விட்சைப் போட்டேன். அம்மா சமையலறை வாசலில் நின்று காதைப் பொத்திக்கொண்டாள். ஒன்றும் வெடிக்கவில்லை. பல்பு மட்டும் தூக்கக் கலக்கத்தில் எரிவது போல் மங்கலாக எரிந்தது. டப்பா இளஞ்சூடானது. நான் ஹாலில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

மறுநாள் மதியம்வரை சார்ஜ் ஏறியது. சாப்பாடு முடிந்ததும் வேலையைத் தொடங்கியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்தது. வாளி, குடம், அண்டா எல்லாம் நிரப்பி முடித்து, பலகையைத் தடுப்பில் சாய்த்து, டிரில்லை எடுத்தேன். அடுத்த வீட்டு அனந்தநாராயணன் மாமா வாசலில் வந்து நின்றார். கட்டடத்துக்கே பஞ்சாங்கம் அவர்தான்.

"ஷ்யாமளா, நாலரை ஆயிடுத்து. ஞாயித்துக்கிழமை ராகுகாலம். ஆறு மணிக்கு மேல ஆரம்பி."

அம்மா உடனே பலகையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா சொல்றார்டி. சரஸ்வதி சமாசாரம். கொஞ்சம் பொறு."

"மாமி ஆறு மணிக்கு வந்துடுவா அம்மா!"

"வரட்டுமே. அவாளும் ராகுகாலம் பார்க்கறவாதான்."

பொறுத்தேன். மாமா பொறுக்கவில்லை. "ஒயர் இல்லாம எப்படிடி சுத்தறது? வேலை ஆரம்பிக்க வேண்டாம். சும்மா சுத்திக் காட்டு."

காட்டினேன். சத்தம் கேட்டு மாடிவீட்டுப் பஞ்சு வந்தார். எதிர்வீட்டு ஜம்பு தன் மனைவி, மாமியாரோடு வந்தார். ஒவ்வொருவர் கைக்கும் அது போய்வந்தது. ஒவ்வொருவரும் அழுத்தினார்கள், சிரித்தார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்தார்கள்.

"உள்ள பேய் கீய் இருக்கா?" என்றார் பஞ்சு.

"உம்ம மாதிரி ஒண்ணு இருக்கும் ஓய்" என்றார் மாமா. "நீ சொல்லு ஷ்யாமளா."

மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். பாட்டரி, சுருள், காந்தம். யாருக்கும் கேட்கவில்லை. "சத்தமா!" என்றார் ஜம்பு. கோலமாவை எடுத்துத் தரையில் படம் போட்டேன். இங்கே பாட்டரி, இங்கே மோட்டார், விசையை அழுத்தினால் வட்டம் முழுதாகிறது. பல்பு ஏன் பாதி வெளிச்சத்தில் எரிந்தது என்று அம்மா கேட்டாள்.

"ஒரு வாளித் தண்ணியை ரெண்டு பேர் பங்கு போட்டுக்கற மாதிரிம்மா. பல்பு பாதியை எடுத்துண்டது. அதனால டப்பா தப்பிச்சது."

"அப்போ நூறு வாட் குண்டு பல்பு போட்டா?"

"அது கொஞ்சமா எடுத்துக்கும். டப்பா தலையில ஜாஸ்தி விழும்."

"குண்டா இருந்தும் கொஞ்சமா எடுத்துக்குமா? எங்க ஆத்துல அப்படி இல்லையே" என்றார் ஜம்பு. அவர் மனைவி முழங்கையால் இடித்தாள். நான் அதற்கும் ஒரு படம் போட்டேன். மாவு தீர்ந்து இன்னொரு டப்பா திறந்தோம்.

"ஆறு ஆச்சு!" என்று மாமா அறிவித்தார்.

அப்பா பலகையைப் பிடித்தார். கீலின் துளையில் டிரில்லின் முனையை வைத்து அழுத்தினேன். தேக்குத்தூள் பொன்னிறத்தில் சுருண்டு விழுந்தது. முதல் ஓட்டை! எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவதில் சத்தம் தாழ்ந்தது. மூன்றாவதில் அது ஒரு முனகல் முனகிப் பாதியில் நின்றது.

மறுபடி விசையை அழுத்தினேன். அசையவில்லை.

"ஏன் நின்னுது?" என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

விஜயலக்ஷ்மி மாமி. இரண்டு பெண்களும் பக்கத்தில். மூவரும் செருப்பை எப்போதோ கழற்றியிருந்தார்கள். பெரியவள் கோலமாவுப் படத்தை மிதிக்காமல் ஓரமாக நின்றிருந்தாள்.

அந்த இன்டர்வியூ அறை நினைவுக்கு வந்தது. பிறகு கையிலிருந்த டிரில்லைப் பார்த்தேன்.

"பாட்டரி தீர்ந்து போச்சு மாமி. வேலைக்குன்னு சேர்த்து வெச்சிருந்தேன். ராகுகாலம் முடியறதுக்குள்ள ஆளாளுக்கு ஒரு வாய் குடிச்சுட்டா. குடுத்தது நான்தான். பி.எஸ்ஸி. படிச்சவளுக்கு அது தோணியிருக்கணும்."

மாமாவைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். "நான் நாலு தடவைதான் அழுத்தினேன்" என்றார் மாமா.

பையிலிருந்து கை டிரில்லை எடுத்தேன். "இதுக்குப் பாட்டரி நாமதான். ரெண்டுல ஒண்ணைக் கடைக்குத் திருப்பிக் குடுக்கணும்" என்று பெரியவளிடம் கைப்பிடியைக் கொடுத்தேன். நான் அழுத்திப் பிடிக்க, அவள் சுற்றினாள். மீதி ஓட்டைகள் மெதுவாக, சுத்தமாக இறங்கின. திருகாணிகளைச் சின்னவள் எடுத்துக் கொடுத்தாள். பலகை தடுப்போடு சேர்ந்து நின்றது. அப்பா அதைத் தட்டிப் பார்த்து, "கனம்" என்றார் திருப்தியாக.

"வாயைத் திறக்க மாட்டாள்னு எவ சொன்னா?" என்று மாமி அம்மாவைக் கேட்டார்.

"நீங்கதான்" என்றாள் அம்மா.

"சொல்லியிருப்பேன். நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் பாடத்துக்கு இங்க வரட்டும்." மாமி என் பக்கம் திரும்பினார். "அது சரி, எதைத் திருப்பிக் குடுக்கப் போறே?"

அப்பா இரண்டையும் கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பார்த்தார். நான் கேட்காமலே கை டிரில்லை எனக்காக ஒதுக்கினார். கொஞ்சம் கனம் அதிகம்.

"வேண்டாம்ப்பா. பாட்டரிதான் இருக்கட்டும். பல்புதான் இருக்கே. வேலை இருக்கற அன்னிக்கு மாமா கண்ணுல காட்ட வேண்டாம், அவ்வளவுதான்."

டப்பாவை மறுபடி பல்போடு சேர்த்து ஸ்விட்சைப் போட்டேன். மங்கலாக எரிந்தது. பெண்கள் இருவரும் அருகில் வந்து குனிந்து பார்த்தார்கள்.

"அக்கா, ஒயர்ல ஓடறதெல்லாம் ஒரே கரண்டுதானே? அப்புறம் எதைப் பங்கு போட்டுக்கறது?" என்றாள் பெரியவள்.

நாளைக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பலகையை மேஜையாக இறக்கினேன்.