ஆட்சேபணை இல்லை

என் கணவர் மோட்டார் காப்பீட்டில் சேதம் மதிப்பிடுகிறவர். இருபத்தாறு வருடமாக நசுங்கிய கதவு, நொறுங்கிய கண்ணாடி, கழன்ற சக்கரம் என்று பார்த்துப் பார்த்து, தன்னைத் தவிர உலகத்தில் யாருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது என்ற முடிவுக்கு வந்தவர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர் கண்ணுக்கு உருள்வதெல்லாம் பேய்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு பழைய கூரியர் வேனை வாங்கி, இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குத் தாரை வார்த்து, கேம்பர் வேனாக மாற்றினார். மடக்குக் கட்டில், இரட்டை அடுப்பு, கை கழுவத் தொட்டி, ஜன்னலுக்குத் திரை, எல்லாம் உண்டு. எதையும் பயன்படுத்தத்தான் கூடாது. அடுப்பைப் பற்றவைத்தால் தீ விபத்து; அவரிடம் அப்படி ஏழு கேஸ் இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் விட்டால் வயரில் இறங்கும், மூன்று கேஸ். ஓடும் வண்டியில் கட்டிலில் படுத்தால் கழுத்து போய்விடும். கழுத்துக்கு எத்தனை கேஸ் என்று நான் கேட்கவில்லை. ஆக, நடமாடும் வீட்டுக்குள் நானும் மகளும் பெல்ட் மாட்டிக்கொண்டு, பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து கடற்கரைக்குப் புறப்பட்டோம்.

"இதுதாண்டி சுதந்திரம். நெனச்ச எடத்துல நிக்கலாம், நெனச்சப்ப கெளம்பலாம்," என்றார், மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில். எப்போது எங்கே நினைக்கப் போகிறார் என்பதை நிமிட வாரியாக அச்சடித்து ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்.

நேர்வழி நெடுஞ்சாலை. சுரங்க ஊர் வழியாகச் சுற்றிப் போக வைத்தது நான். நெடுஞ்சாலை விபத்துச் செய்திகளை ஒரு வாரம் காலை காபியோடு சத்தமாக வாசித்தேன், அவ்வளவுதான். வழியை மாற்றியது தன் மூளை என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

விஷயம் இதுதான். எங்கள் மகளுக்கு இருபத்திரண்டு வயது. கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறாள் என்று இவர் நம்பிய எட்டு மாதமும் அவள் கனரக வண்டி ஓட்டப் பழகி, உரிமமும் எடுத்துவிட்டாள். சுரங்கத்தில் கல்லும் மண்ணும் சுமக்கும் ராட்சத லாரியான டம்பர் ஓட்ட ஆள் எடுத்தார்கள். ஓட்டிக் காட்டும் தேர்வில் நாற்பது பேரில் முதலாவதாக வந்தாள். மீதி ஒரே ஒரு காகிதம். 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு படிவம். வேலைக்கு வரும் பெண்ணுக்குக் கல்யாணமாகியிருந்தால் கணவர், ஆகாவிட்டால் அப்பா, அடையாள அட்டையோடு நேரில் வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தை நான் முன்னும் பின்னும் படித்துவிட்டேன். அம்மா என்ற சொல்லே அதில் கிடையாது. பெற்றவளுக்கு ஆட்சேபணை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று விட்டுவிட்டார்கள்.

கடைசி நாள் இன்று. பகல் பன்னிரண்டோடு சரி. ஊருக்குள் நுழைந்ததும், இவர் மனசு குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்துச் சொல்வதாகத் திட்டம். அந்த நேரம் மட்டும் அவர் ஒட்டிய தாளில் இல்லை.

ஊர் முழுக்கச் சாம்பல் நிறத் தூசி. இலைகளின் மேல், கடைப் பலகைகளின் மேல், நிறுத்திய சைக்கிள்களின் மேல். துணியை எல்லோரும் வீட்டுக்குள்ளேயே காயப்போட்டிருந்தார்கள். சின்ன வண்டி எல்லாவற்றிலும் ஆள் உயரக் கம்பு நட்டு, நுனியில் சிவப்புக் கொடி கட்டியிருந்தது. சோதனைச் சாவடிக் காவலாளி எங்களுக்கும் ஒன்று நீட்டினார்.

"கட்டிக்கோங்க சார். டம்பர் மேல உக்காந்திருக்கறவங்களுக்குக் கீழ இருக்கற வண்டி தெரியாது. கொடிதான் தெரியும்."

"நான் என்ன கட்சி ஊர்வலமா போறேன்? பெயிண்ட் கீறிடும்."

"அப்புறம் உங்க இஷ்டம் சார்," என்று அவர் கொடியைச் சுவரில் சாய்த்துவிட்டார்.

டம்பர் போகிற மண்பாதை எங்கள் சாலையைக் குறுக்கே வெட்டும் இடம் வந்தது. சரியாக நட்ட நடுவில், டங் என்று வண்டியின் வயிற்றில் ஒரு கல் அடித்தது. இவர் அங்கேயே பிரேக் போட்டார். சேதமான வண்டியைப் படம் எடுக்காமல் நகர்த்தக் கூடாது; ஊராருக்கெல்லாம் இவர் சொல்லும் வேதம். டேப், சாக்பீஸ், கேமராவோடு இறங்கிக் குனிந்துவிட்டார். திட்டுவதற்காக நானும் இறங்கினேன். அப்போது எதிர்ப்பக்கத் தடுப்புக் கட்டை கீழே இறங்கியது. மேட்டில் டம்பர் ஒன்று தலை காட்டியது. அதன் ஒரு சக்கரமே எங்கள் வேனைவிட உயரம்.

மகள் பின்சீட்டிலிருந்து தாவி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். முன்னால் வழியில்லை. பின்னால் இரண்டு கான்கிரீட் தூண். அதற்கிடையில்தான் நாங்கள் ஊர்ந்து வந்திருந்தோம்.

"ஏய், தொடாத! ஸ்பாட்ட மாத்தாத!" என்று இவர் கத்தினார்.

நான் அவர் சட்டைக் காலரைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து செய்ய நினைத்த காரியம். வேன் ஒரே மூச்சில் பின்னால் போய்த் தூண்களைத் தாண்டி நின்றது. டம்பர் எங்களைப் பார்க்காமலேயே போனது. இவர் தரையில் போட்ட சாக்பீஸ் வட்டமும் இல்லை, கீழே விட்ட டேப்பும் இல்லை.

பிறகு இவர் வேனை ஒரு சுற்றுச் சுற்றினார். இடப்பக்கம் தடவினார், வலப்பக்கம் தடவினார். தூணுக்கும் தூணுக்கும் இடையில் அடி வைத்து அளந்தார்.

"ரெண்டு பக்கமும் நாலு விரல்தான் இருந்திருக்கு."

"வலது பக்கம் மூணுப்பா," என்றாள் மகள்.

"எங்க கத்துக்கிட்ட?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இவர் முகம் சிவந்தது.

"நான் தெனம் எதப் பாத்துட்டு வீட்டுக்கு வர்றேன்னு தெரியுமா உங்களுக்கு? ஆள எடுத்துட்டுப் போனதுக்கு அப்புறந்தான் என்னைக் கூப்பிடுவாங்க. அந்த சீட்ல கை வச்சு நான் எழுதணும். எம் பொண்ணு அதுல உக்காரணுமா?"

இருபத்தாறு வருடத்தில் இதை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. இந்த வேலையே வேண்டாம் என்றுகூட எனக்குத் தோன்றியது. மகள் மட்டும் அசையவில்லை.

"நான் ஏற்கெனவே உக்காந்தாச்சுப்பா. மொத ஆளா வந்தேன்."

இவர் மறுபடி தூணருகே போய்ப் பார்த்தார். ஆளிடம் பொய் சொல்வார், அளவில் பொய் சொல்ல மாட்டார். திரும்பி வந்து, அறிக்கை வாசிக்கிற குரலில் சொன்னார்: "சேதம் எதுவும் இல்ல. எங்க கையெழுத்துப் போடணும்?"

அலுவலகத்துக்குள் நுழையும்போது மணி பதினொன்று நாற்பது. கவுன்டர் குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படிவத்தை நகர்த்தினார். இவர் ஏதோ நாட்டையே எழுதிக் கொடுக்கிற மாதிரி கையெழுத்துப் போட்டார். குமாஸ்தா கோப்பைப் பிரித்தார், கண்ணாடியை இறக்கினார், நிமிர்ந்தார்.

"சார், இது யாரோட கையெழுத்து?"

"என்னோடது. உங்க கண்ணு முன்னாடிதான போட்டேன்?"

"அட்டையில இருக்கற மொகம் நீங்கதான் சார். கோப்புல இருக்கற கையெழுத்து நீங்க இல்ல."

கோப்பிலிருந்து மூன்று தாள்களை எடுத்து வரிசையாக வைத்தார். பள்ளி மதிப்பெண் அட்டை, கல்லூரி விடுதிப் படிவம், வேலைக்கு அனுப்பிய விண்ணப்பம். மூன்றிலும் அப்பா கையெழுத்து, வலப்பக்கம் சாய்ந்து, கடைசியில் நீளமாக ஒரு கோடு இழுத்து, அச்சு மாதிரி ஒன்றுபோல இருந்தது. இப்போது போட்டது மட்டும் கோழி கிளறியது போல இருந்தது.

"இது மூணும் அப்பா. நாலாவது யாருன்னு தெரியல. போலின்னு தெரிஞ்சா விண்ணப்பத்தையே ரத்து பண்ணணும், அதான் ஆர்டர்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். முதல் வகுப்பிலிருந்து மகளுடைய காகிதம் அத்தனையிலும் அப்பா கையெழுத்து நான் போட்டது. திங்கட்கிழமை காலையில் கையெழுத்தில்லாமல் போனால் பிள்ளை வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். இவரோ ஏதாவது சாலையோரத்தில் யார் வண்டிக்கோ அளவெடுத்துக்கொண்டிருப்பார். ஒருமுறை போட்டேன், பழகிவிட்டது. இவர் கையெழுத்து எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

போலிக் கையெழுத்தைக் கண்டுபிடிப்பது இவருக்குக் கைவந்த கலை. மூன்று தாள்களையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மகள் கவுன்டர் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். 'இது நான் போட்டதில்லை' என்று இவர் உண்மையைச் சொன்னால் போதும், அவள் வேலை அத்தோடு முடிந்தது.

"டம்பர் பக்கத்துல வந்துச்சுங்க. கை நடுங்குது," என்றார் குமாஸ்தாவிடம். "வேற ஃபாரம் குடுங்க."

"நிதானமா அந்த பெஞ்சுல உக்காந்து போட்டுட்டு வாங்க. பன்னெண்டுக்கு மூடிடுவேன்."

பெஞ்சில் என்னை உட்கார வைத்து, கவுன்டருக்கு முதுகைக் காட்டி எனக்கு மறைப்பாக நின்றார். அந்த முதுகுக்குப் பின்னால் ஒரு லாரியை மறைக்கலாம். பேனாவை என் கையில் திணித்தார்.

"போடு."

போட்டேன். அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். குமாஸ்தா நான்கையும் ஒப்பிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"நீங்களே போட்டதுதான சார்?"

"நானேதான்," என்றார். இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை பேர் மனுவை இவர் குப்பையில் போட்டிருப்பார்!

முத்திரை விழுந்தது. அன்று மதியமே பயிற்சி. மகளைப் பெண்கள் விடுதி வாசலில் விட்டோம். தலைக்கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டு, திரும்பிக் கையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

கடற்கரைக்கு இரண்டு மணி நேரம். இவர் மணலோரம் வேனை நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்துவிட்டு, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ஆளுக்காள் அலையில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே அங்க இன்னும் எத்தன தடவ அப்பா கையெழுத்து கேப்பாங்க?" என்று கேட்டார்.

"நெறைய. மெடிக்கலுக்கு, விடுதிக்கு, லீவுக்கு."

சட்டைப்பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்து என் பக்கம் நீட்டினார். "எப்பிடிப் போடறன்னு காட்டு."

போட்டுக் காட்டினேன். பார்த்துப் பார்த்து எழுதினார். ஒரு பக்கம் நிரம்பியது, திருப்பினார். நாக்கைக் கடித்துக்கொண்டு, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி, தன் பெயரையே தப்புத் தப்பாக எழுதிக்கொண்டிருந்தார். ஐந்தாவது பக்கம் முடிந்ததும் நோட்டை என்னிடம் தந்தார்.

"இதுல ஏதாவது ஒண்ணு சரியா இருக்கா?"

பாவமாகத்தான் இருந்தது. ஐந்து பக்கத்தையும் ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன்.

"இல்லீங்க," என்றேன். "இன்னும் போடுங்க."